பத்து வயது மகனும் பூட்டிய அறையும்

கேள்வி: உரும்பிராயில் என் கணவரின் அப்பப்பா கட்டிய நாற்சார் வீட்டில் இரண்டு வருடங்களாக இருக்கிறோம். அதற்கு முன் அது நெடுங்காலம் பூட்டிக் கிடந்தது. நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வந்த கணவரின் தம்பி, ‘சம்திங் ஈவில்’ என்ற பழைய ஆங்கிலத் தொலைக்காட்சிப் படத்தை மடிக்கணினியில் என் பத்து வயது மகனுக்குப் போட்டுக் காட்டினார். பேய் பிடித்த வீட்டில் குடியேறும் குடும்பத்தின் கதை. பாதியில் மகன் வீரிட்டு அழுததால் நிறுத்திவிட்டு, “கடைசியில் அந்தப் பையனுக்குள்தான் பேய் இருக்கும்” என்று சொல்லிச் சிரித்தார். ஒன்றரை மாதமாக மகன் தனியே படுப்பதில்லை. இரவில் குழந்தை அழும் சத்தம் கேட்கிறது என்கிறான். வடக்குப் பக்கம் பூட்டியிருக்கும் அறையைக் கடக்கவே மறுக்கிறான். 1996இல் வேலைக்குச் சைக்கிளில் போய்த் திரும்பி வராத கணவரின் மூத்த அண்ணாவின் பொருட்கள் அங்கே இருக்கின்றன. மாமி அதைத் திறக்க விடமாட்டார். மகனுக்கு நாங்கள் எதுவும் சொன்னதில்லை. ஒருநாள், “எனக்குள்ளே பேய் வந்தால் என்னை என்ன செய்வீர்கள் அம்மா?” என்று கேட்டான், ஏசிவிட்டேன். “படம்தானே, ஆண்பிள்ளை பயப்படலாமா” என்கிறார் கணவர். பேயை விரட்டக் கழிப்புக் கழிக்கச் சொல்கிறார்கள் அயலவர்கள். வீட்டை விற்றுவிடச் சொல்கிறார் கொழுந்தனார். வைத்தியரிடம் போவதா? என்ன செய்வது?

பதில்: அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திவைத்தது மகன் கேட்ட அந்தக் கேள்விதான். வீட்டில் பேய் இருக்கிறதா என்று அவன் கேட்கவில்லை. தனக்குள் வந்தால் அம்மா தன்னை என்ன செய்வாள் என்று கேட்டிருக்கிறான். உங்களை இழந்துவிடுவோமோ என்ற பயம் அது. அதற்கு இன்னும் அவனுக்குப் பதில் கிடைக்கவில்லை. இன்றிரவே சொல்லுங்கள்: “எது வந்தாலும் நான் உன்னை விட்டுப் போகமாட்டேன், கட்டிப்பிடித்துக்கொண்டுதான் இருப்பேன்.” அவன் மறுபடி கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

அந்தப் படத்தின் முடிவும் இதுதான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1972 ஜனவரி 21ஆம் திகதி, ஒரு வெள்ளிக்கிழமை இரவு, அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் அது ஒளிபரப்பானது. இயக்கியவர் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க். அப்போது அவருக்கு வயது 25. பென்சில்வேனியாவில் ஒரு பழைய பண்ணை வீட்டை வாங்கிக் குடியேறும் தாய்க்கு இரவில் குழந்தை அழும் சத்தம் கேட்கிறது. கெட்டது தனக்குள்தான் புகுந்துவிட்டதோ, தன் பிள்ளைகளுக்குத் தானே தீங்கு செய்துவிடுவோமோ என்று அவள் அஞ்சுகிறாள். பிறகுதான் அது மகனைப் பிடித்திருப்பது தெரிகிறது. அவனை மீட்பது அவள் அவன்மேல் வைத்திருக்கும் அன்பு. உங்கள் மகன் பார்த்தது முதல் பாதி. சித்தப்பா வாயால் கேட்டது பையனுக்குள் பேய் என்பதை மட்டும். மீட்கப்பட்ட பையனை அவன் இன்னும் காணவில்லை. ஒன்றரை மாதமாக அந்தப் பாதிப் படம் அவன் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆகவே மீதிப் படத்தை அவனோடு இருந்து பாருங்கள். பகலில், கதவு யன்னல்களைத் திறந்துவைத்து, அவன் சம்மதித்தால் மட்டும். முதலில் சத்தத்தை முழுவதுமாக நிறுத்திவிடுங்கள். அக்காலத் தொலைக்காட்சிப் படங்களுக்குப் பணமும் குறைவு, நாட்களும் குறைவு. பேயைக் காட்டுவதற்கு வசதியில்லாததால் ஒரு கதவையும், காற்றையும், நடிகையின் முகத்தையும் காட்டி, மிச்சத்தை ஒலியிடம் விட்டார்கள். இடையிடையே விளம்பரங்கள் வரும். பார்ப்பவர் எழுந்து வேறு அலைவரிசைக்குப் போய்விடாதபடி ஒவ்வொரு விளம்பரத்துக்கும் சற்று முன்னால் ஒரு திகிலை வைத்துத்தான் கதையைப் பின்னுவார்கள். இதையெல்லாம் மகனுக்குச் சொல்லுங்கள். எந்த இடத்தில் விளம்பரம் வந்திருக்கும் என்று அவனையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு ஒன்று எப்படிச் செய்யப்பட்டது என்று அறிவதில் பெரிய ஆசை உண்டு. ஒருவேளை அவன் பார்க்க மறுத்தால் முடிவைக் கதையாகச் சொன்னால் போதும்.

உங்கள் கணவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். “படம்தானே” என்பது பெரியவர்களுக்குச் சரி. 1992 ஒக்டோபர் 31 இரவு பிபிசி, ‘கோஸ்ட்வாட்ச்’ என்றொரு நாடகத்தை ஒளிபரப்பியது. இலண்டனில் பேய் பிடித்த ஒரு வீட்டிலிருந்து நேரடி ஒளிபரப்பு நடப்பது போல, உண்மையான அறிவிப்பாளர்களையே வைத்து, முன்கூட்டியே எடுத்த படம். வளர்ந்தவர்களே நம்பிப் பதறித் தொலைபேசியில் அழைத்தார்கள். அதைப் பார்த்தபின் கடுமையாகப் பாதிக்கப்பட்ட இரண்டு பத்து வயதுச் சிறுவர்களைப் பற்றி 1994இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னல் என்ற மருத்துவ இதழில் வைத்தியர்கள் எழுதினார்கள். உங்கள் மகனும் அதே வயது. அவன் பயம் நடிப்பில்லை, கோழைத்தனமுமில்லை. ஆண்பிள்ளை பயப்படலாமா என்று கேட்டால் அவன் பயத்தை விடமாட்டான், உங்களிடம் சொல்வதைத்தான் விடுவான்.

இரவுச் சத்தங்களுக்கு அதிகம் எழுதத் தேவையில்லை. பகல் முழுக்க வெயிலில் காய்ந்த ஓடும் பனஞ்சலாகையும் இரவில் குளிர்ந்து சுருங்கும்போது நெட்டி முறிப்பது போலச் சத்தமிடும். சோளகக் காற்று வீசினால் வளவில் காவோலை உரசும். சீலிங்கில் மரநாய் ஓடும். குழந்தை அழுவது போலக் கேட்பது அநேகமாகப் பூனைகள், இணைதேடும் காலத்தில் அவை அப்படித்தான் கத்தும். அப்பாவும் மகனுமாக ரோர்ச் லைற்றோடு வெளியே போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். அதை உங்கள் கணவர்தான் செய்ய வேண்டும்.

இனி அந்த அறை.

பயத்துக்குப் படம் உருவம் கொடுத்தது உண்மை. ஆனால் அதற்கான இடத்தை உங்கள் வீடு முன்பே ஒதுக்கி வைத்திருந்தது என்று நினைக்கிறேன். இரண்டு வருடங்களாக அந்தப் பிள்ளை என்ன பார்த்திருக்கிறான்? ஒரு கதவு திறக்கப்படுவதில்லை. அதைக் கடக்கும்போது அப்பம்மாவின் முகம் மாறுகிறது. அதைப் பற்றிக் கேட்டால் அப்பா பேச்சை மாற்றுகிறார். இதைச் சொல்லும்போது உங்களைக் குறை கூறவில்லை தங்கச்சி. யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. 1995 ஒக்டோபர் 30 இரவு போருக்கு அஞ்சி வலிகாமப் பகுதி மக்களே வீடுகளை விட்டு எழும்பி நாவற்குழிப் பாலத்தால் நடந்ததையும், 96இல் திரும்பி வந்த பிறகு இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் காணாமல் போனதையும் பட்டவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. பிஞ்சு மனது தாங்காது என்று நினைக்கிறோம். பிள்ளைகளோ நாம் சொல்லாமல் விட்ட இடத்தைத் தங்களிடம் இருப்பதை வைத்து நிரப்பிக்கொள்கிறார்கள். உங்கள் மகனிடம் இருந்தது ஒரு பேய்ப்படம்.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் நீதி கேட்டு வீதியில் உட்காரத் தொடங்கியதிலிருந்து, பிள்ளைகளின் படங்களை நெஞ்சோடு பிடித்தபடி இருக்கும் அந்த முகங்களைச் செய்திகளில் காணாத பிள்ளை இங்கே இல்லை. உங்கள் மகனும் கண்டிருப்பான். தன் அப்பம்மாவும் அவர்களில் ஒருவர் என்பதுதான் அவனுக்குத் தெரியாது.

முதலில் மாமியிடம் போங்கள். அறையைத் திறக்கும்படி கேட்டுப் போக வேண்டாம். பேரன் அந்த அறையில் பேய் இருக்கிறது என்று பயப்படுகிறான் என்பதை மட்டும் சொல்லுங்கள். தன் மகனின் அறையைத் தன் பேரன் அப்படி நினைப்பதை எந்தத் தாயும் பொறுக்கமாட்டாள். அவரே பேசத் தொடங்குவார் என்றுதான் என் மனது சொல்கிறது. பேசாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். மகனிடம் உங்கள் கணவர் சொல்லட்டும்: “அது உன் பெரியப்பாவின் அறை. அவர் ஒருநாள் வேலைக்குப் போனார், திரும்பி வரவில்லை. என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது. அப்பம்மா இன்னும் அவருக்காகக் காத்துக்கொண்டிருக்கிறா.” இவ்வளவு போதும். செத்துப்போனார் என்றும் சொல்ல வேண்டாம், வருவார் என்றும் சொல்ல வேண்டாம். நடந்த கொடுமைகளின் விவரம் இப்போது தேவையில்லை. ஆனால் அவர் எப்படிப்பட்டவர் என்பது நிறையத் தேவை. என்ன விளையாடினார், எந்தப் பாடத்தில் குறைந்த புள்ளி எடுத்தார், தம்பிமாரை எப்படி ஏய்த்தார். பெரியப்பாவுக்கு ஒரு முகமும் குரலும் வந்துவிட்டால் அந்தக் கதவுக்குப் பின்னால் வேறெதுவும் நிற்க முடியாது.

இதில் கொழுந்தனாருக்கும் வேலை இருக்கிறது. அந்த அறையில் அண்ணாவோடு படுத்துறங்கிய பிள்ளைதானே அவரும்? தொலைபேசியில் மகனைக் கூப்பிட்டு, படத்தைச் சொல்லிச் சிரித்ததற்கு வருத்தம் தெரிவித்துவிட்டு, அண்ணாவைப் பற்றி அவர் சொல்லட்டும்.

கழிப்புக் கழிப்பதை நான் கண்டிப்பாக வேண்டாம் என்கிறேன். விளக்கேற்றுங்கள், தேவாரம் பாடுங்கள், வைரவருக்குப் பொங்குங்கள், திருநீறு பூசிவிட்டுப் படுக்க வையுங்கள். இவை பிள்ளைக்குத் துணை தரும். ஆனால் ஒருவரை அழைத்து வந்து, அந்தக் கதவுக்கு முன்னால் கோழியும் தேசிக்காயும் வைத்து எதையோ விரட்டினால், அங்கே பேய் இருந்தது என்று பெரியவர்களே மகனுக்கு உறுதிசெய்து கொடுக்கிறீர்கள். அதைவிடப் பெரிய கொடுமை மாமிக்கு நடக்கும். இத்தனை வருடங்களாக மகனுக்காகக் காத்திருப்பவரின் கண்முன்னால், அவனுடைய அறையிலிருந்து ஆவியை விரட்டுவதா? அயலவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

வைத்தியரிடம் போவதில் வெட்கம் எதுவுமில்லை. ஒன்றரை மாதம் என்பது நீண்ட காலம். இவற்றைச் செய்து இரண்டு மூன்று கிழமைகளில் உறக்கம் சீராகாவிட்டாலோ, பள்ளிக்கூடம் போக மறுத்தாலோ, சாப்பாடு குறைந்தாலோ, படுக்கையில் சிறுநீர் கழிக்கத் தொடங்கினாலோ தாமதிக்க வேண்டாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. முதலில் பேசிப் பார்க்க விரும்பினால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம். கணவரும் மாமியும்கூட அங்கே பேசினால் நல்லது. அவர்கள் சுமப்பது மகனுடையதைவிடப் பழைய பாரம்.

வீடு விற்பது பற்றி: நாற்சார் வீட்டைப் பராமரிக்கக் கட்டுபடியாகவில்லை, ஓடு மாற்றப் பணமில்லை என்றால் விற்பதைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம், அது கணக்கு. பயத்துக்காக விற்க வேண்டாம். எந்தக் காரணத்துக்காக விற்பதாக இருந்தாலும் மாமியின் சம்மதம் இல்லாமல் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். திரும்பி வரும் மகன் தேடி வரப்போகும் விலாசம் அதுதான் என்று அவர் நினைத்திருப்பார், கொழுந்தனாருக்கு இதை விளங்கப்படுத்துங்கள்.