2எக்ஸ் + 3ஒய் = 6 என்ற கோட்டுக்கு இணையாக, (3, 4) வழியே செல்லும் கோட்டை எப்படிக் கண்டுபிடித்து வரைவது?

இணைகோடுகளுக்குச் சாய்வு ஒன்றுதான். உங்கள் சமன்பாட்டை ஒய் = −(2/3)எக்ஸ் + 2 என்று மாற்றினால் சாய்வு −2/3 என்பது தெரியும். ஆனால் அதைக்கூட மாற்ற வேண்டியதில்லை. எனக்குப் பிடித்த வழி இது: இடப்பக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு, வலப்பக்க எண்ணை மட்டும் தேடுங்கள். புள்ளியைப் பிரதியிட்டால் 2×3 + 3×4 = 18. அவ்வளவுதான், விடை 2எக்ஸ் + 3ஒய் = 18.

சரி, வரைவோம். எக்ஸ் = 0 என்றால் ஒய் = 6; ஒய் = 0 என்றால் எக்ஸ் = 9. வரைபடத்தாளில் (0, 6), (9, 0) இரண்டையும் குறித்து அளவுகோலால் இணையுங்கள். கோடு (3, 4) வழியாகப் போகிறதா என்று கட்டாயம் பாருங்கள்; கணக்கில் பிழை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பழைய கோட்டுக்கு (0, 2), (3, 0) போதும். இரண்டிலுமே 3 கட்டம் வலப்பக்கம் போனால் 2 கட்டம் கீழே இறங்கும்.

பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 4எக்ஸ் + 6ஒய் = 12 என்பதும் இணைகோடு போலத் தோன்றும். 2ஆல் வகுத்துப் பாருங்கள், அது உங்கள் பழைய கோடேதான். சாய்வு சமமாக இருந்தால் போதாது, ஒய் அச்சை வெட்டும் இடம் வேறாக இருக்க வேண்டும்.

அப்புறம், எக்ஸ் = 5 போன்ற செங்குத்துக் கோட்டுக்குச் சாய்வே கிடையாது. அதற்கு இணை எக்ஸ் = −1 போன்ற இன்னொரு செங்குத்துக் கோடுதான்.