பழைய பிரிட்ஜில் குஞ்சு பொரிக்கலாமா? தக்கலை மெக்கானிக் அண்ணனின் கேள்வி பதில்

எனக்குத் தொழில் பிரிட்ஜ் ரிப்பேர். வீட்டுக்குப் பின்னால நாட்டுக்கோழி. ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருந்தா, ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய சாமான் கடைக்குப் போக வேண்டிய பிரிட்ஜ், குஞ்சு பொரிக்கிற இன்குபேட்டர் ஆகாம வேற என்ன ஆகும்? வந்த கேள்விகளுக்கு இங்கேயே பதில் சொல்லிடுறேன்.

குலசேகரத்திலிருந்து: அண்ணே, எந்தப் பிரிட்ஜ் எடுக்கணும்? கம்ப்ரஸரைக் கழட்டணுமா?

ஒத்தக் கதவு, 165 லிட்டர் போதும். கதவு ரப்பரைப் பாருங்க. நடுவுல ஒரு ரூபா நோட்டை வச்சு மூடி இழுத்தா இறுக்கமா வரணும். சுவருக்குள்ள இருக்கிற ஃபோம் தண்ணி குடிச்சிருந்தாலோ எலி குடைஞ்சிருந்தாலோ அந்தப் பெட்டி வேண்டாம்.

கம்ப்ரஸர் அங்கேயே கிடக்கட்டும், கரண்ட் ஒயரை மட்டும் எடுத்துடுங்க. குழாயை அறுக்கிற வேலை மட்டும் வச்சுக்காதீங்க. புது மாடல் பலதுல ஆர் 600ஏ கேஸ், தீப்பிடிக்கும். கழட்டியே ஆகணும்னா மெக்கானிக்கைக் கூப்பிட்டு கேஸை முறையா எடுத்த பொறவு கழட்டுங்க.

பக்கச் சுவர்ல டிரில் போடவே கூடாது. பின்பக்கம் கறுப்புக் கம்பி வலை இல்லாத பிரிட்ஜ்ல கேஸ் குழாய் சுவருக்குள்ளதான் ஓடும். ஒயர் கொண்டுபோக, தண்ணி வடியுற ஓட்டையே போதும். காத்து ஓட்டையைக் கதவுல போடுங்க: கீழ ரெண்டு, மேல ரெண்டு, விரல் பருமனுக்கு. திறந்து மூட ஒரு அடைப்பும் வேணும்.

அருமனையிலிருந்து: நாலு 9 வாட் எல்.இ.டி. பல்பு போட்டிருக்கேன். 32 டிகிரிக்கு மேல ஏறவே மாட்டேங்குது.

ஏறாது மக்கா. சூட்டை வீணாக்காம வெளிச்சம் தரணும்னுதானே அந்தப் பல்பையே கொண்டு வந்தாங்க! பழைய குண்டு பல்பு, 60 வாட்டுல ரெண்டு போடுங்க. ஒண்ணு பியூஸ் போனாலும் இன்னொண்ணு தாங்கும். முட்டைக்கு வெளிச்சம் வேண்டாம், சூடுதான் வேணும். அதனால பல்பைச் சுத்தி ஒரு தகரம் வையுங்க. உள்சுவர் பிளாஸ்டிக், பல்பு பக்கத்துல இருந்தா இளகிடும். ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும்.

நாகர்கோவிலிலிருந்து: சூட்டைப் பார்த்துப் பல்பைப் போட்டு அணைக்கிற டபிள்யூ 1209 போர்டு மாட்டி 37.5 டிகிரி வச்சேன். 35க்கும் 38க்கும் நடுவுல ஊசலாடுது. போர்டு போச்சா?

போர்டு நல்லாத்தான் இருக்கு. கடையிலிருந்து வரும்போது அதுல பி1ங்கிற செட்டிங் 2 டிகிரின்னு இருக்கும். அதாவது 37.5ல அணைஞ்சா 35.5க்கு இறங்கின பொறவுதான் திரும்பப் பல்பைப் போடும். பி1ஐ 0.3 ஆக்குங்க. பி0ங்கிற செட்டிங் 'எச்'ல இருக்கான்னும் பாருங்க, 'சி'ல இருந்தா அது குளிர வைக்கிற கணக்கு. சென்சார் முட்டை உயரத்துல தொங்கணும், சுவரையோ பல்பையோ ஒட்டி இருக்கக் கூடாது. அது காட்டுற நம்பரை அப்படியே நம்பாம, பக்கத்துல ஒரு காய்ச்சல் தெர்மாமீட்டரை வையுங்க. 99.5 பாரன்ஹீட் காட்டினா 37.5 சரி.

பேன் இருக்கான்னு சொல்லல நீங்க. பிரிட்ஜ் உயரமான பெட்டி, பேன் இல்லாட்டி மேல்தட்டு வேகும், கீழ்த்தட்டு குளிரும். கம்ப்யூட்டர் பேன், 12 வோல்ட், ஒண்ணு போதும். பல்பு அணைஞ்சாலும் அது ஓடிக்கிட்டே இருக்கணும்.

மார்த்தாண்டத்திலிருந்து: 21ஆம் நாள் குஞ்சு ஓட்டைக் கொத்துது, அப்புறம் உள்ளேயே செத்துப்போகுது. உடைச்சுப் பார்த்தா ஒரே ஈரம். சூடு சரியாத்தான் இருந்தது.

ஆரல்வாய்மொழியிலிருந்து: எங்களுக்கு நேர் எதிர். உள்தோல் காய்ஞ்சு குஞ்சோட ஒட்டிக்கிடுது.

ரெண்டு பேருக்கும் சேர்த்தே சொல்லுறேன். எல்லாரும் சூட்டைப் பத்தியே பேசுறோம், குஞ்சு பாதி சாகுறது ஈரத்துலயும் காத்துலயும்தான். முட்டை அடையில இருக்கும்போது உள்ள இருக்கிற தண்ணி கொஞ்சம் வெளிய போகணும். 18 நாள்ல எடையில நூத்துக்கு 12, 13 பங்கு குறையணும். 45 கிராம் முட்டை 39, 40க்கு வரணும். குறையலைன்னா குஞ்சுக்கு மூச்சு விட முட்டைக்குள்ள இருக்கிற காத்தறை பத்தாது, மார்த்தாண்டத்துக் கதை. ரொம்பக் குறைஞ்சா ஆரல்வாய்மொழிக் கதை.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல இதுக்கு ஒரே அளவு சொல்ல முடியாது. ஆனி, ஆடியில மேற்கே மழை கொட்டும்போது ஆரல்வாய்மொழிக் கணவாய்ல காத்தாலை சுத்திக்கிட்டிருக்கும், உடம்பெல்லாம் வறண்டு போகும். மழை நாள்ல 28 டிகிரியில 85 சதவீதம் ஈரமுள்ள காத்து, பெட்டிக்குள்ள 37.5க்குச் சூடானா தானாவே 50 சதவீதம் பக்கம் வந்து நிக்கும். முதல் 18 நாளுக்கு வேண்டியதே அவ்வளவுதான். அதுக்கு மேல நீங்க தட்டுல தண்ணி வச்சா கூடிப்போயிடும். மார்த்தாண்டம் தம்பி, மழை மாசத்துல தட்டைக் காலியா வச்சு, ஈரம் காட்டுற மீட்டரைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. ஆரல்வாய்மொழிக்காரர் அகலமான தட்டு வையுங்க. ஆழத்தால பிரயோஜனமில்ல, தண்ணியோட மேல்பரப்புதான் கணக்கு. 18ஆம் நாளுக்குப் பொறவு ரெண்டு பேருமே ஈரத்தை 65, 70 சதவீதத்துக்குக் கொண்டு போகணும், காத்து ஓட்டையை நல்லாத் திறந்தும் விடணும். அந்த மூணு நாளும் கதவைத் திறந்து திறந்து எட்டிப் பார்க்காதீங்க. உள்ளே சேர்ந்த ஈரமெல்லாம் ஒரே நிமிஷத்துல போயிடும்.

சவுதியிலிருந்து: ஊர்ல அப்பாதான் பார்த்துக்கிடுறாங்க. தினமும் எத்தனை தடவை முட்டையைத் திருப்பணும்?

மூணு இல்ல அஞ்சு, ஒத்தப்படையா. அப்பதான் ராத்திரி முழுக்க ஒரே பக்கமாக் கிடக்குறது தினமும் மாறி வரும். பென்சில்ல ஒரு பக்கம் வட்டம், மறுபக்கம் பெருக்கல் குறி போடச் சொல்லுங்க. 18ஆம் நாளோட நிறுத்திடணும். 7ஆம் நாள் ராத்திரி டார்ச் அடிச்சுப் பார்த்து, ரத்த நரம்பு தெரியாத கூமுட்டையை எடுத்திடட்டும்.

குளச்சலிலிருந்து: கரண்ட் போனா என்ன செய்ய? ஒக்கி புயல் நேரம் மாதிரி ஆனா?

ஒரு மணி, ரெண்டு மணி நேரம்னா கதவைத் திறக்காதீங்க. பிரிட்ஜ் சூட்டைப் பிடிச்சு வைக்கும், அதுக்காகத்தானே இந்தப் பெட்டியை எடுத்தோம். இன்னும் நீண்டா வெந்நீர் பாட்டில்களைத் துணி சுத்தி உள்ளே வையுங்க. கடைசி வாரத்துல பேன் நின்னா காத்து கெட்டுப்போகும், அப்பப்ப ஒரு தடவை கதவைத் திறந்து மூடுங்க. சூடு கொஞ்சம் குறைஞ்சா பொரிக்கிறது தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஆனா 40ஐத் தாண்டினா கரு செத்திடும். 2017 கார்த்திகையில ஒக்கி வந்து நாள்கணக்குல கரண்ட் இல்லாம கிடந்தோமே, அப்படி ஒண்ணு வந்தா இன்வெர்ட்டரும் தாங்காது. அப்போ அடைக்கோழி வச்சிருக்கிற வீட்டைத் தேடிப்போக வேண்டியதுதான்.

தோவாளையிலிருந்து: வாத்து முட்டை, காடை முட்டையைச் சேர்த்து வைக்கலாமா?

காடைக்கு 17, 18 நாள், வாத்துக்கு 28. ஒண்ணுக்கு ஈரம் கூட்டுற நேரம் இன்னொண்ணுக்கு ஆகாது. தனித்தனியா வையுங்க. கடையில விக்கிற வெள்ளை லேயர் முட்டை பொரிக்குமான்னு ஒருத்தர் கேட்டிருந்தார். சேவலே இல்லாத பண்ணை முட்டை, பொரிக்காது.

தோவாளைக்காரரே: பொரிச்ச குஞ்சுக்கு உடனே தீனி போடணுமா?

வேண்டாம். வயித்துக்குள்ள மஞ்சக்கரு இருக்கு, ஒரு நாள் தாங்கும். ரோமம் காய்ஞ்ச பொறவு எடுத்து, முதல் வாரம் 35 டிகிரி சூட்டுல பல்புக்கு அடியில விடுங்க, வாரா வாரம் 3 டிகிரி குறைச்சுக்கிடலாம். 7ஆம் நாள் ராணிக்கெட்டுக்கு, அதாவது வெள்ளைக்கழிச்சல் நோய்க்குச் சொட்டு மருந்து, கண்ணுலயோ மூக்குலயோ விடணும். கால்நடை மருந்தகத்துல முன்கூட்டியே சொல்லி வையுங்க, மருந்தை ஐஸ்ல வச்சுத்தான் கொண்டு வரணும்.