சி5200 இடத்தில் ஏ1943 போடாதீர்கள்

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: கோயில் அம்பிளிபயரில் எரிந்த ட்ரான்சிஸ்டரில் ‘சி5200’ என்று இருக்கிறது. கடையில் தருவது ‘2எஸ்சி5200’. இரண்டும் ஒன்றா? அது இல்லாவிட்டால் ஏ1943 போடலாம், அதுவும் அதே சாமான்தான் என்கிறாராம் கடைக்காரர்.

முதல் இரண்டும் ஒன்றுதான். யப்பான் முறையில் இப்படியான ட்ரான்சிஸ்டர் இலக்கம் 2எஸ் என்று தொடங்கும். சாமானின் மேல் அச்சடிக்கும்போது மட்டும் அதை விட்டுவிடுவார்கள். இரண்டு எழுத்தைச் சேர்த்து அடித்தால் என்ன குறைந்துவிடும்? திருத்துகிற பிள்ளைகள்தான் அலைகிறார்கள்.

ஏ1943 அப்படியல்ல. யப்பான் இலக்கத்தில் சி, டி என்றால் என்பிஎன். ஏ, பி என்றால் பிஎன்பி. இரண்டும் மின்னோட்டம் எதிரெதிர்த் திசையில் ஓடும் வகைகள். சி5200க்கு ஏ1943 ஜோடி. ஒலி அலையின் ஒரு பாதியை ஒன்றும் மறுபாதியை மற்றதும் தள்ளும். இடம் மாற்றிப் போட்டால் புதுச் சாமானும் போய்விடும். ‘இலக்கம் பெரிசு, பவர் கூட’ என்று சொன்னாலும் நம்பாதீர்கள். 5200 என்பது பதிவு வரிசை மட்டுமே.

கடைசியில் ஆர் அல்லது ஓ இருந்தால் அது மின்னோட்டத்தை எத்தனை மடங்கு பெருக்கும் என்பதன் வகுப்பு: ஆர் 55 முதல் 110, ஓ 80 முதல் 160. அம்பிளிபயரில் பக்கத்தில் இருக்கும் ட்ரான்சிஸ்டர்களின் எழுத்தையே வாங்குங்கள். ஆனால் எல்லா இலக்கத்திலும் கடைசி எழுத்துக்கு இந்தப் பொருள் இல்லை. டிஐபி41 என்ற வேறு ட்ரான்சிஸ்டர் வரிசையில் அது தாங்கும் வோல்ட்டைச் சொல்கிறது: வெறும் 41 என்றால் 40 வோல்ட், ஏ 60, பி 80, சி 100. ‘எல்லாம் 41தான்’ என்று 41சி இருந்த இடத்தில் 41ஏ தந்தால் வாங்காதீர்கள். அன்று பாடும், திருவிழாவில் சத்தத்தைக் கூட்டிவைத்த நேரம் எரிந்துபோகும்.

இனி, எனக்குக் கோபம் வருகிற விஷயம். சி5200இல் போலி மலிந்து கிடக்கிறது. அசல் 230 வோல்ட், 15 அம்பியர், 150 வாட் தாங்கும். பஸ் பார்சலில் ‘யப்பான் ஒரிஜினல்’ என்று எனக்கு வந்த ஒன்றை எரிந்தபிறகு உடைத்துப் பார்த்தேன். உள்ளே சிலிக்கன் உளுந்தளவுதான். கேட்டதற்கு, அனுப்பியவர் போனை வைத்துவிட்டார். தின்னர் தொட்ட பஞ்சால் துடைத்து எழுத்து கரைந்து, கீழே சுரண்டிய கோடு தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள்.

கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போகிறவரிடம் வாயால் சொல்லிவிடாதீர்கள். எரிந்ததைக் கழற்றிக் கையில் கொடுத்து, ‘2எஸ்சி5200’ என்று கடைசி எழுத்தோடு துண்டில் எழுதிவிடுங்கள். பில்லிலும் அதே இலக்கம் இருக்கட்டும்.