கருவைக் காட்டுக்குள் திசை தப்பாமல் நடப்பது எப்படி?

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஊர். தாத்தா அந்தக் காலத்தில் முயல் வேட்டைக்குப் போனால் இருட்டினாலும் நேராக வீடு வந்து சேர்ந்துவிடுவாராம். நான் பறவைகளைப் படமெடுக்கச் சீமைக்கருவைக் காட்டில் இறங்கினால் பத்து நிமிடத்தில் திசை குழம்புகிறது. எப்படிப் பழகுவது?

பதில்: வேட்டைக்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. ஆனால் தாத்தாவின் வழியறிவு அதோடு அழிந்துவிடக் கூடாது. நீங்கள் கேட்டதில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

திசையை உள்ளே போய்த் தேடாதீர்கள். வண்டியை நிறுத்தும்போதே மனதில் குறித்துக்கொள்ளுங்கள். காரைக்குடி - தேவகோட்டைச் சாலை ஏறத்தாழ வடக்கு தெற்காகப் போகிறது. அதற்கு மேற்கே இறங்கினால், திரும்பும்போது கிழக்கே நடந்தால் சாலை வந்தே தீரும். ஆனால் வண்டியைக் குறிவைத்து நடக்காதீர்கள். வேண்டுமென்றே கொஞ்சம் வடகிழக்காக நடந்து சாலையில் ஏறுங்கள். அப்போது வண்டி வலப்பக்கம்தான் என்பதில் சந்தேகமே இருக்காது. நேராக வந்து வண்டியைக் காணாவிட்டால்தான், இடமா வலமா என்று தெரியாமல் பதற்றம் பிடிக்கும்.

பாதை பிரியும் இடத்திலெல்லாம் நின்று திரும்பிப் பாருங்கள். வரும்போது கண்ணில் படப்போவது அந்தத் தோற்றம்தான்.

நம் சீமையில் எனக்குப் பெரிய துணை கண்மாய்தான். நிலம் பொதுவாக வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சரிவதால், பெரும்பாலும் கரை கிழக்கிலோ தெற்கிலோ இருக்கும், வரத்து மேற்கிலிருந்து வரும். காய்ந்த வரத்துக்காலில் நிற்கிறீர்களா? குனிந்து கருவையின் அடிமரத்தைப் பாருங்கள். போன மழையில் அடித்து வந்த சருகும் குச்சியும் ஒரு பக்கத்தில் அப்பிக் கிடக்கும். தண்ணீர் வந்த பக்கம் அது. அதற்கு எதிர்ப்பக்கமாக நடந்தால் கண்மாய், கரையேறினால் மடை, அதற்குக் கீழே வயல், பக்கத்தில் ஊர்.

சூரியனை வைத்துத் திசை பார்ப்பதில் ஓர் எச்சரிக்கை. 'நண்பகலில் சூரியன் தெற்கே இருக்கும்' என்பது குளிர்நாட்டுக் கணக்கு. நாம் ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகையில் இருக்கிறோம். சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முற்பகுதி வரை நண்பகல் நிழல் தெற்கேதான் விழும். அதனால் சரளை மண்ணில் ஒரு குச்சி நட்டு, நிழல் நுனியில் கல் வையுங்கள். 20 நிமிடம் கழித்து நுனி நகர்ந்த இடத்தில் இன்னொரு கல். முதல் கல் மேற்கு, இரண்டாவது கிழக்கு.

போனில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். காப்புக்காடாக இருந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள்.

குழம்பினால் உடனே உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள். குழம்பியபின் வைக்கும் வேகமான எட்டுகள்தான் ஆளைத் தொலைக்கின்றன.

இந்த ஞாயிறு காலை உங்கள் ஊர்க் கண்மாயை ஒட்டிய காட்டில் 200 எட்டு உள்ளே போய், போனைத் தொடாமல் வெளியே வந்து பாருங்கள். அடுத்த வாரம் 400.