காப்பகத்து இருமல், வீட்டில் பேத்தி

நீங்கள் சமைக்கிற வீடற்றோர் காப்பகத்தைப் பற்றி மூன்று பக்கக் கடிதம். சொறி, பேன், போன மாதம் இரண்டு பேருக்குப் போட்ட அம்மை, பாசி பிடித்த தண்ணீர்த் தொட்டி, எச்சில் தட்டு, கொசு என்று வரிசையாக எழுதிவிட்டு, கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒன்று கேட்டிருக்கிறீர்கள் அம்மா: “ஒரு பெரியவர் ராத்திரியெல்லாம் இருமுகிறார். எனக்கு வீட்டில் இரண்டு வயதுப் பேத்தி. சேலையில் ஒட்டிக்கொண்டு வந்துவிடுமா? சமையல் வேலையை விட்டுவிடட்டுமா?” மற்றதையெல்லாம் எழுத வைத்ததே இந்தப் பயம்தான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அது காசநோயாகவே இருந்தாலும் சேலையில் வராது. வேலையை விட வேண்டாம். அந்தப் பெரியவரை நாளைக் காலையில் சளிப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். இந்தப் பதிலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

அவரைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதியவற்றைப் பொறுக்கி எடுத்தேன். மூன்று வாரமாக இருமல். சாயங்காலம் ஆனால் உடம்பு கதகதவென்று ஆகிறது. இரண்டு கரண்டி சோறு கேட்டு வாங்கியவர் இப்போது ஒன்றையே பாதி வைத்துவிடுகிறார். அரைஞாண் கயிறு இடுப்பில் நிற்காமல் இறங்குகிறது. விடிகாலையில் பனியன் வேர்வையில் நனைந்திருக்கிறது. ஒரு டாக்டர் கால் மணி நேரம் உட்கார்ந்து கேட்டு எழுதுகிற குறிப்பு இது. நீங்கள் சோறு போடுகிற கையோடு எழுதிவிட்டீர்கள். இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல் யாருக்கு இருந்தாலும் சளியைப் பார்க்க வேண்டும் என்பது நம் நாட்டின் காசநோய்த் திட்டத்தில் உள்ள விதி. கூடவே காய்ச்சல், மெலிவு, இரவு வேர்வையும் இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. சளியில் ரத்தம் தெரிந்தால் அன்றைக்கே போக வேண்டும். பீடி இருமலாகவும் இருக்கலாம், ஆஸ்துமாவாகவும் இருக்கலாம். அதையும் பரிசோதனைதான் சொல்லும்.

அடுத்தது எனக்குக் கோபம் வந்த இடம். காப்பகத்துக்கு எதிரே உள்ள மருந்துக் கடையில் ‘இருமலுக்கு ஸ்ட்ராங்கா ஒண்ணு’ என்று கேட்டு வாங்கிக் கொடுத்தீர்களாம், ஒரு வாரம் நன்றாக இருந்தாராம், அப்புறம் பழைய கதையாம். நீங்கள் கடிதத்தோடு வைத்து அனுப்பிய அட்டையில் இருப்பது லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக். காசநோய்க் கிருமியை அது கொஞ்ச நாள் அடக்கும், ஆனால் தனியாக நின்று ஒழிக்காது. காய்ச்சல் இறங்கும், ஆள் தெம்பாகத் தெரிவார், சளியில் கிருமி பிடிபடாமல்கூடப் போகலாம். உள்ளே இருப்பது மட்டும் அந்த மருந்துக்குப் பழகிக்கொண்டு திரும்பி வரும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது என்று அரசு தனிப் பட்டியல் போட்டு வைத்திருக்கும் மருந்துகளில் இதுவும் ஒன்று. விற்றவரைச் சொல்வதா, வாங்கியவரைச் சொல்வதா? நல்ல மனதோடு செய்தீர்கள், சரி. இனிமேல் செய்யாதீர்கள். பரிசோதனைக்குப் போகும்போது அந்த அட்டையையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

இது எப்படிப் பரவுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். நுரையீரல் காசநோய் உள்ளவர் இருமும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் காற்றில் கலக்கின்றன. மூடிய அறையில் அவை மணிக்கணக்கில் மிதக்கும். அதே காற்றை இரவு இரவாக இழுக்கிறவருக்குத்தான் தொற்றுகிறது. தட்டு, டம்ளர், பாய், சேலை, தொடுவது, சோறு பரிமாறுவது எதிலும் பரவாது. உங்கள் அடுப்படி பின்பக்கம் திறந்த கொட்டகையில் இருக்கிறது, நீங்கள் எட்டு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறீர்கள். உங்களைவிட அவருக்குப் பக்கத்துப் பாயில் படுக்கிறாரே, அவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

இருபதுக்கு முப்பது அடிக் கூடத்தில் 26 பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆளுக்கு 23 சதுர அடி. நகர்ப்புற வீடற்றோர் காப்பகங்களுக்கான மத்திய அரசு வழிகாட்டியில் ஆளுக்கு 50 சதுர அடி என்று இருக்கிறது. கோயிலுக்கு வந்து திரும்பிப் போகாதவர்கள், பிள்ளைகள் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போனவர்கள், கடல்வேலை முடிந்து படுக்க இடமில்லாதவர்கள் என்று ஆள் சேர்ந்துகொண்டே இருக்கிற ஊர் இது. வாசலில் நிற்கிறவரிடம் சதுர அடிக் கணக்குச் சொல்ல முடியாதுதான். ஆனால் ஜன்னலைத் திறக்க முடியுமே.

சில வருடங்களுக்கு முன் இந்தக் கரையில் உள்ள இன்னொரு காப்பகத்துக்கு இரவு பத்து மணிக்குப் போனேன். வெளியே வாடைக் காற்று ஆளைத் தள்ளுகிறது. உள்ளே நுழைந்தால் முகத்தில் அடிப்பது மூச்சுச் சூடும் ஈரப் பாயின் வாடையும்தான். நான்கு ஜன்னல், நான்கையும் பழைய கல்யாண ஃபிளெக்ஸை வைத்து ஆணி அடித்து மூடியிருந்தார்கள். மணமக்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள், உள்ளே ஏழெட்டுப் பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். கேட்டால் மணல் வருகிறது, கொசு வருகிறது, குளிர்கிறது என்றார்கள். நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் தண்ணீருக்குத்தான் பஞ்சம், காற்றுக்குக் கிடையாது. அதையும் ஆணி அடித்து நிறுத்திவிட்டால் எப்படி?

உங்கள் இடத்திலும் சாக்குப் போட்டு மூடியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எதிரெதிர்ச் சுவரில் உள்ள ஜன்னல்களில் சுவருக்கொன்றையாவது திறந்து கொசுவலை அடிக்கச் சொல்லுங்கள். இருமுகிறவரின் பாயைக் காற்று வெளியேறுகிற பக்கத்து ஜன்னல் ஓரம் போடுங்கள். மேசை விசிறி இருந்தால் அது அவர் பக்கமிருந்து மற்றவர்கள் மேல் வீசாமல் ஜன்னலைப் பார்த்து வீசட்டும். எல்லாரும் ஒரே திசையில் தலை வைத்துப் படுக்காமல், ஒருவரின் தலைமாட்டுப் பக்கம் அடுத்தவரின் கால்மாடு வருகிற மாதிரி மாற்றிப் படுக்கட்டும். காசு செலவில்லாமல் முகத்துக்கும் முகத்துக்கும் நடுவே நாலைந்து அடி கிடைக்கும். அவருக்கு ஒரு முகக்கவசம் கொடுங்கள். இருமுகிறவர் போட்டால்தான் அதற்கு முழுப் பலன்.

காப்பகத்தில் சிலர் “ஆளை வெளியே அனுப்பிவிடலாம்” என்று பேசுவதாக எழுதியிருக்கிறீர்கள். அனுப்பினால் எங்கே போவார்? பஸ் ஸ்டாண்டில் படுப்பார், இல்லையென்றால் வேறொரு மூடிய கூடத்தில். மருந்து கிடைக்காது, பரவுவதும் நிற்காது. மண்டபம் கேம்ப் என்று இன்றும் சொல்கிறோமே, அந்தப் பெயர் இலங்கைத் தோட்ட வேலைக்குப் போனவர்களைத் தொற்றுநோய்க்குப் பயந்து நிறுத்திவைத்த முகாமிலிருந்து வந்தது. காலரா, பிளேக், பெரியம்மைக்கு அப்படி நிறுத்தி வைப்பதில் அர்த்தம் இருந்தது. அந்த நோய்கள் இருந்தால் சில நாளில் வெளியே தெரிந்துவிடும். காசநோய்க் கிருமி உடம்புக்குள் வருடக்கணக்கில் தூங்கும். அடைத்து வைத்தும் துரத்தி விட்டும் அதைப் பிடிக்க முடியாது.

மருந்து கொடுத்தால் பிடிக்கலாம். இதை உலகத்துக்குக் காட்டியதே நம் சென்னைதான். 1956-இல் அங்கே தொடங்கிய ஆய்வில் நோயாளிகளில் ஒரு பாதியை சானடோரியத்தில், அதாவது காசநோய் மருத்துவமனையில் வைத்து மருந்து கொடுத்தார்கள். மறு பாதிக்கு நெரிசலான வீடுகளிலேயே, அரைகுறைச் சாப்பாட்டோடு, அதே மருந்து. 1959-இல் முடிவு வந்தபோது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமாகியிருந்தது. அதைவிட முக்கியம், நோயாளியை வீட்டில் வைத்திருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாக வரவில்லை. மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே பரப்பும் சக்தி வெகுவாகக் குறைந்துவிடுகிறது. இதைக் காப்பக நிர்வாகியிடம் அப்படியே படித்துக் காட்டுங்கள்.

நாளைக் காலை செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ மூடியுள்ள டப்பா தருவார்கள். எழுந்ததும், சாப்பிடுவதற்கு முன், வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு, திறந்த வெளியில் நின்று இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சின் அடியிலிருந்து இருமி எடுக்க வேண்டும். கெட்டியான சளி வேண்டும். எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு ‘ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது’ என்று திரும்புகிறவர்கள் எத்தனையோ பேர். இருமும்போது நீங்கள் எதிரே நிற்காமல் காற்று வருகிற பக்கமாக நில்லுங்கள். சிபிநாட் அல்லது ட்ரூநாட் கருவியில் வைத்தால் ஓரிரு மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா, முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது கட்டுப்படுமா என்று இரண்டும் தெரிந்துவிடும். எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்வார்கள். ராமநாதபுரத்தில் 2022 முதல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. மதுரைக்கு ஓட வேண்டியதில்லை. ஆதார் இல்லையே, முகவரி இல்லையே என்று தயங்காதீர்கள். பரிசோதனைக்கும் மருந்துக்கும் காசு கிடையாது.

காசநோய் என்று வந்தால் சாதாரண வகைக்கு 6 மாதம் மாத்திரை. முதல் நாளே சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். மருந்தின் நிறம் அது, ரத்தம் என்று பயந்து நிறுத்திவிட வேண்டாம். இரண்டாம் மாதம் தெம்பு வந்ததும் மாத்திரையைத் தலையணைக்கு அடியில் போடுகிறவர்களும் உண்டு. சோற்றுக் கரண்டி உங்கள் கையில் இருக்கிறது. மாத்திரை வாய்க்குள் போனதைப் பார்த்த பிறகு பரிமாறுங்கள். மிரட்டல்தான், பரவாயில்லை. கண் மஞ்சளானால், வாந்தி நிற்காவிட்டால் மட்டும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். சத்துணவுக்கென்று அரசு மாதம் 1,000 ரூபாய் அவர் வங்கிக் கணக்கில் போடுகிறது. 2024 அக்டோபர் வரை 500 ஆக இருந்தது. கணக்கு இல்லையென்றால் காசநோய்ப் பிரிவு ஊழியரிடமே வழி கேளுங்கள். அந்தக் கூடத்தில் அவரோடு தூங்கிய எல்லாரையும் பரிசோதிக்கச் சொல்லியும் அந்த ஊழியரிடமே கேளுங்கள். ஒரே கூரைக்குக் கீழே படுப்பவர்கள் வீட்டார் மாதிரிதான். நோய் இல்லாதவர்களில் யாருக்குத் தடுப்பு மாத்திரை வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்வார்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி, “நான் வெறும் சமையல்காரி, என்னால் என்ன செய்ய முடியும்” என்பது. சோற்றால் என்ன முடியும் என்று பாருங்கள். ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பங்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2023-இல் வெளிவந்தது. அதை நடத்தியதில் சென்னையின் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. வீட்டில் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கூடுதலாகக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். அந்தக் குடும்பங்களில் புதிதாக நோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. ரசமும் ஊறுகாயும் போடுகிற நாட்களைக் குறைத்துப் பருப்பைக் கெட்டியாகப் போடுங்கள். சூடை மீன் மலிவாக வருகிற நாளில் விடாதீர்கள். முட்டைக்கு நிர்வாகியிடம் சண்டை போடுங்கள்.

இன்னொன்று. “எனக்குச் சர்க்கரை உண்டு” என்று ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை ஏன் ஓரத்தில் எழுத வேண்டும்? சர்க்கரை உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. நீங்களும் ஒரு முறை எக்ஸ்ரேயும் சர்க்கரை அளவும் பார்த்துவிடுங்கள். பேத்திக்கு ஆபத்து உங்கள் சேலை வழியாக வராது. உங்களுக்கே நோய் வந்து, நீங்கள் இருமிக்கொண்டே அவளோடு படுத்தால் வரும். உங்களுக்கு இரண்டு வார இருமல் வந்தால் அன்றைக்கு என்னைத் திட்டாமல் பரிசோதனைக்குப் போங்கள். அவளுக்குப் பிறந்ததும் காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசி போட்டாயிற்று அல்லவா? கையில் தழும்பு தெரியாவிட்டாலும் மறுபடி போட வேண்டியதில்லை.

வாட்ஸப்பில் வந்த ‘மருந்தே இல்லாத புது டிபி, துணியில் ஏழு நாள் உயிரோடு இருக்கும்’ செய்தியை அழித்துவிடுங்கள். மருந்துக்கு மசியாத வகை உண்டு. அதற்கும் இப்போது மாத்திரைகள் உண்டு. பாதுகாப்புக்கென்று மாதம் மூன்று நாள் அசித்ரோமைசின் போடுகிறீர்களே, அதனால் காசநோயும் தடுபடாது, அம்மையும் தடுபடாது. நிறுத்துங்கள். டெட்டால் குளியலும் வேண்டாம், தோல் வெடிக்கும். எச்சில் தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். அம்மைக் கொப்புளம் காய்ந்து பொருக்குத் தட்டிவிட்டதால் அந்த இருவரைப் பற்றிப் பயமில்லை. தொட்டியைத் தேய்த்துக் கழுவி பிளீச்சிங் பவுடர் போடச் சொல்லுங்கள். பேனுக்குச் சீப்பு.

வீட்டுக்கு நீங்கள் நிஜமாகவே கொண்டுபோகக்கூடியது ஒன்று இருக்கிறது. சொறி. விரல் இடுக்கில் அரிப்பு, ராத்திரியில் அதிகம் என்று எழுதியிருக்கிறீர்கள். பேத்தியும் இரண்டு நாளாகச் சொறிகிறாளாம். இது உடம்போடு உடம்பு ஒட்டுவதால் வருகிற பூச்சி. கடையில் விற்கிற ஸ்டீராய்டு கலந்த டியூப்பைத் தடவினால் அரிப்பு அடங்கும், பூச்சி பெருகும். பெர்மெத்ரின் 5 சதவீத மருந்தைக் கழுத்திலிருந்து கால் நகம்வரை இரவு தடவி, காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் ஒரு முறை. வீட்டில் எல்லாரும் ஒரே இரவில் போட வேண்டும், காப்பகத்திலும் அப்படியே. ஒருவர் விட்டுப்போனால் எல்லாருக்கும் திரும்பி வரும். குழந்தைக்கு அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைய துணி, போர்வையைச் சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் போடுங்கள், துவைக்க முடியாததை மூன்று நாள் பையில் கட்டி வையுங்கள். அரிப்பு இன்னும் இரண்டு மூன்று வாரம் இருக்கும், மருந்து கேட்கவில்லை என்று தினமும் தடவிக்கொண்டிருக்காதீர்கள்.

பேத்தியைத் தூக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நீங்களும் அவளும் மருந்து தடவிக் குளித்த அந்தக் காலையிலிருந்தே தூக்குங்கள்.