சைலன்சர் பொருத்திய ரைஃபிளால் வேட்டையாடலாமா, அதனால் என்ன பயன்?

குழலின் நுனியில் திருகி மாட்டும் உலோக உருளைதான் சைலன்சர். வெடிமருந்து எரிந்து உண்டாகும் சூடான வாயு ஒரே மூச்சில் வெளியே பாய்வதால்தான் அந்த 'டமார்'. உருளைக்குள் இருக்கும் தடுப்புகள் வாயுவைச் சற்றுத் தேக்கி, ஆறவிட்டு, மெதுவாக விடுகின்றன. சோடா பாட்டிலைச் சட்டென்று திறந்தால் 'டப்' என்கிறது. மூடியை மெல்லத் திருகினால் 'ஸ்ஸ்' என்று அடங்குகிறது. அதே கதைதான்.

ரைஃபிள் சத்தம் 160 டெசிபல் அளவுக்குப் போகும். ஒரே வெடியில்கூடக் காது நிரந்தரமாகக் கெடலாம். சைலன்சர் அதில் 20 முதல் 35 டெசிபல் குறைக்கும், சுடும்போது தோளில் இடிக்கும் பின்னுதையும் தணியும். நார்வே, பின்லாந்து வேட்டைக்காரர்களிடம் இது சகஜம். அமெரிக்காவில் 1934 சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் வேட்டைக்கும் அனுமதி உண்டு.

சரி, நம் நீலகிரியில்? இங்கே 1879லேயே வேட்டைக்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது பொழுதுபோக்கு வேட்டைக்கே இடமில்லை. ஆயுத விதிகளில் சைலன்சரும் தடைப்பட்டியலில்தான் இருக்கிறது. கேத்தியில் காட்டுப்பன்றி ஒரே இரவில் கேரட் பாத்தியைக் கிளறிப்போட்டு, காலையில் பாதி கடித்த கிழங்குகளைப் பார்க்கும்போது வயிறு எரியும். அப்போதும் வனத்துறையிடம்தான் போக வேண்டும், துப்பாக்கியைத் தொடாதீர்கள்.

சினிமாவில் வருவதுபோல் சத்தமே கேட்காது என்பது தவறு: ஒலியை விட வேகமாகப் போகும் குண்டு காற்றைக் கிழிக்கும் 'சடீர்' ஓசையைச் சைலன்சர் தொடவே முடியாது.