மகளுக்கு 4 வயது, அடுத்த வாரம் டான்சில் ஆபரேஷன். அவள் பயத்தை எப்படிக் குறைப்பது?

முதலில் ஒன்று: குழந்தையிடம் பொய் சொல்லி அழைத்துப் போகாதீர்கள். நான் அதைச் செய்தவள்.

என் மகனுக்கு மூன்று வயதில் இடப்பக்கம் குடலிறக்க ஆபரேஷன். "சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும், சொல்லாதே" என்றார்கள் வீட்டுப் பெரியவர்கள். மாமா வீட்டுக்குப் போகிறோம் என்று சொல்லித்தான் ஆட்டோவில் ஏற்றினேன். தியேட்டர் வாசலில் நர்ஸ் கைநீட்டி வாங்கியபோது, அழுவதற்கு முன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் பல வாரம், கடைக்குக் கிளம்பினால்கூட "நெஜமா கடைக்குத்தானா?" என்று கேட்பான்.

ஐந்து வயதில் வலப்பக்கமும் இறங்கிவிட்டது. இந்த முறை இரண்டு நாள் முன்பே சொன்னேன். வீட்டிலிருந்த நெபுலைசர் மாஸ்க்கை வைத்து அவனுடைய கரடி பொம்மைக்கு ஐந்தாறு முறை ஆபரேஷன் நடந்தது. வலிக்குமா என்றான். "முழிச்சதும் கொஞ்சம் வலிக்கும், மருந்து குடுப்பாங்க, அம்மா பக்கத்துல இருப்பேன்" என்றேன். அன்று கரடியோடு அவனே உள்ளே நடந்து போனான்.

இவ்வளவு சொன்னால் பிள்ளை இன்னும் மிரளாதா என்று சிலர் கேட்பீர்கள். கத்தி, ரத்தம் என்று நான் விவரிக்கவில்லை. கேட்டதற்கு மட்டும் உண்மையைச் சொன்னேன்.

மயக்க மருந்து டாக்டரை முன்கூட்டியே பார்த்துப் பேசுங்கள். முதல் தடவை நள்ளிரவிலிருந்து மறுநாள் பதினொரு மணிவரை அவனுக்குச் சொட்டுத் தண்ணீர் தரவில்லை; பாதி அழுகை தாகத்தால்தான். பொதுவாகத் திட உணவை 6 மணி நேரம் முன்பு நிறுத்தினால் போதும், வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்புவரை தரலாம். உங்கள் டாக்டர் சொல்லும் நேரம்தான் கணக்கு, ஆனால் கேட்டுவிடுங்கள். ஊசி போடும் இடம் மரத்துப்போக முன்கூட்டியே தடவும் க்ரீம், பதற்றம் தணிக்கும் மிடசோலம் மருந்து பற்றியும் கேளுங்கள். மயக்கம் தெளியும்போது சில பிள்ளைகள் ஆளே அடையாளம் தெரியாத மாதிரி கத்துவார்கள். பெரும்பாலும் சற்று நேரத்தில் அடங்கிவிடும், நீங்கள் பதறாதீர்கள்.

இன்னொன்று, ஆறவே மாட்டேன் என்கிறது மனசு. டிஸ்சார்ஜ் அன்று காலை பத்து மணிக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். இன்ஷூரன்ஸ் அனுமதி வர மாலை ஆறரை ஆனது. தையல் போட்ட பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பில் கவுண்டர் எதிரே உட்கார்ந்திருந்தேன். நீங்களும் அப்படிக் காத்திருக்க நேரலாம்; மாற்று உடையும் உங்கள் மகளுக்குப் பிடித்த பொம்மையும் கூடவே எடுத்துப் போங்கள்.